அல்போன்சா அக்காவின் நல்ல பையன்

“அப்ப அவன் எதப் போட்டுக்கிட்டுலே வேலைக்கு வருவான்?”

அல்போன்சா அக்கா என்னிடம் இப்படிக் கேட்டார். கேள்வியே எனக்குப் புரியவில்லை. கல்யாண மண்டபத்தின் பின்வாசலில், காலைப் பந்திக்கு முன்னால், நாங்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தோம். என் காலில் முகேஷ்குமாரின் கருப்பு ஷூ இருந்தது. அதை அவன் முந்தின நாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தான். நல்ல ஷூ. நான் சந்தோஷமாக இருந்தேன்.

அந்தக் கேள்வியில் என்ன இருந்தது என்பது புரிய, அக்காவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

அல்போன்சா அக்கா திண்டுக்கல்லில் கல்யாண மண்டபங்களுக்குப் பந்தி பரிமாற ஆள் விடுகிறவர். சமைப்பது வேறு ஆட்கள். சமைத்ததை வாளியில் வாங்கி இலைக்குக் கொண்டுபோவது அக்காவின் பயல்கள். நாங்கள் எல்லோரும் பள்ளி முடித்தவர்கள், அல்லது கல்லூரிக்குப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பவர்கள். அக்காவுக்கு வயது நாற்பதுக்குள் இருக்கும். வீடு மேட்டுப்பட்டி. ஒரு காலத்தில் மண்டபங்களில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாராம். ஒரு கல்யாணத்தில் பரிமாற வரவேண்டியவர்கள் வரவில்லை. பந்தியில் ஆட்கள் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா கையைத் துடைத்துவிட்டு சாம்பார் வாளியை எடுத்தார். “அன்னைக்கு எடுத்த வாளிய இன்னும் கீழ வைக்கல” என்று அவர் கணவர் கிளெமென்ட் மாமா சொல்வார். மாமா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். வீட்டில் சோறு வடிப்பதும் அவர்தான்.

அக்கா அன்பானவர் என்று சொன்னால் எங்கள் பயல்கள் சிரிப்பார்கள். ஒவ்வொரு பந்திக்கு முன்னாலும் வரிசையில் நிறுத்தி நகம் பார்ப்பார், சட்டை பார்ப்பார், ஷூ பார்ப்பார். கருப்பு ஷூ இல்லாதவனுக்கு வேலை இல்லை. செருப்புக்காலோடு கொட்டிக் கிடக்கும் ரசத்தில் ஓடினால் விழுவோம் என்பது காரணம். இரவல் வாங்கியாவது ஷூ போட்டுக்கொண்டு வர வேண்டும். அதனால் எங்களில் யாரும் எதைத் தொலைத்தாலும் ஷூவைத் தொலைக்க மாட்டோம்.

முகேஷ்குமார் என் வகுப்பில் படித்தவன். ஊர் சாணார்பட்டியிலிருந்து உள்ளே போக வேண்டும். அவன் அப்பா சோலைமலையும் அம்மா சண்முகவள்ளியும் பூ விவசாயம் செய்கிறார்கள். பிளஸ் டூ முடித்ததும் என்னை இந்த வேலைக்குக் கூட்டிவந்தவன் அவன்தான். மாப்பிள்ளையின் பெரியப்பா இரண்டாவது முறை பாயாசம் கேட்கும் விதத்தை அப்படியே நடித்துக் காட்டுவான். பெரியப்பாக்கள் எல்லோரும் வாயால் வேண்டாம் என்று சொல்லி, டம்ளரை மட்டும் நம் பக்கம் நகர்த்துவார்கள்.

ஆடி மாதம் கல்யாணம் இல்லை. ஆவணியில் திரும்ப வேலை தொடங்கியபோது அவன் நடித்துக் காட்டுவதை நிறுத்தியிருந்தான். பேசுவதும் குறைந்தது. பந்தியெல்லாம் முடிந்து நாங்கள் சாப்பிட உட்காரும்போது அவன் இலை போட்டுக்கொள்ள மாட்டான். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் வேலையில் அது சகஜம். காலையிலிருந்து நெய் வாடையிலேயே நிற்பவனுக்குச் சோற்றைப் பார்த்தாலே குமட்டும். “வாடை அடிச்சிருச்சு” என்போம். தூங்காமல் இருப்பதும் சகஜம். ராத்திரி வரவேற்பு முடிந்து, காலை டிபனுக்கு இலை போடுவதற்குள் எவன் தூங்க முடியும்? கொஞ்ச நேரம் கிடைத்தாலும் அவன் படுக்க மாட்டான். எல்லோருடைய வாளியையும் கழுவி வைப்பான்.

அக்கா ஒருநாள் அவனை எங்கள் எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினார்.

“இவனப் பாருங்கலே. வாயத் தொறக்குறானா? திங்கிறானா? செத்த நேரம் படுக்குறானா? இவன் பய. நீங்கள்லாம் என்னமோ உங்க தாய்மாமன் கல்யாணத்துக்கு வந்த மாதிரி கூட்டு, பொரியல், வெஞ்சனத்துல கைய விட்டுட்டு இருக்கீங்க.”

நாங்கள் கை தட்டினோம். முகேஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடக்கமான பையன் என்று சமையல்காரர் சொன்னார்.

அதற்குப் பிறகு அக்கா அவனுக்குக் கூடுதலாக வேலை கொடுத்தார். நல்ல பையனுக்குக் கொடுக்கும் மரியாதை அது.

அடுத்து ரசம் விஷயம் நடந்தது. ஒரு மதியப் பந்தியில் முகேஷ் ரச வாளியோடு போனான். ஒரு பெரியவர் இலையின் மேல் கையை நீட்டி “போதும் தம்பி” என்றார். அவன் ஊற்றினான். “போதும்” என்றார். ஊற்றினான். அவர் இரண்டு கையாலும் மறித்தார். அவன் அந்தக் கைகளின் மேல் ஊற்றினான். ரசம் இலையைத் தாண்டி, மேஜையைத் தாண்டி, அவர் வேட்டிக்கு வந்தது.

“ஏலே! போதும்னா விட மாட்டியாலே! குளிப்பாட்டுறியா என்னைய?”

அவனுக்கு அது காதில் விழவே இல்லை. அக்கா ஓடிவந்து வாளியைப் பிடுங்கினார். “மன்னிச்சுக்கங்கண்ணே, பய புதுசு” என்றார். அவன் புதுசு இல்லை. பின்பக்கம் கூட்டிப்போய், “காது கேக்கலையாலே?” என்று கேட்டார். “தெரியலக்கா” என்றான். காதில் அழுக்கு அடைத்திருக்கும் என்று அக்கா முடிவு செய்தார். மெடிக்கலில் காதுக்கு விடும் சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்து, அவனை அப்பளத்துக்கு மாற்றினார். அப்பளத்தில் யாரையும் குளிப்பாட்ட முடியாது.

முகேஷ் காதில் மருந்து விட்டுக்கொண்டானா என்று தெரியாது. அதற்கு அடுத்த வாரம்தான் ஷூவைக் கொண்டுவந்து கொடுத்தான். “ஒனக்கு சரியா இருக்கும்ல, வச்சுக்க” என்றான். டீ குடிக்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்று பஸ் ஏறிப் போய்விட்டான். அவன் முகம் அன்று தெளிவாக இருந்தது. புது ஷூ வாங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். அக்கா என் காலைப் பார்த்தார்.

“இது முகேஷ் ஷூல்ல? ஒரு கயிறு மாத்தி போட்டுருப்பானே.”

“ஆமாக்கா. எனக்குக் குடுத்துட்டான்.”

“குடுத்துட்டானா, இரவலா?”

“வச்சுக்கன்னுட்டான்.”

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். அக்கா அவனுக்கு ஃபோன் போட்டார். எடுக்கவில்லை. திரும்பப் போட்டார். பக்கத்தில் நின்ற சுருளிவேல், “புதுசு வாங்கிருப்பான்க்கா” என்றான். “புதுசு வாங்குனவன் ஒங்கிட்டக் காட்டாம இருப்பானாலே?” என்றார் அக்கா. அது உண்மை. புது பெல்ட்டைக்கூடக் காட்டுகிறவன் அவன்.

உள்ளே பொங்கல் இறக்கியாகிவிட்டது. முதல் பந்திக்கு ஆட்கள் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். அக்கா வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த கௌசல்யாவைக் கூப்பிட்டார். அவள் நர்சிங் படிக்கிறாள். வாசலில் விருந்தாளிகளை வரவேற்க மட்டும் வருவாள்.

“கௌசல்யா, பந்திய நீ பாத்துக்க. நான் போயிட்டு வாரேன்.”

“அக்கா, எனக்குப் பன்னீர் தெளிக்கத்தான் தெரியும்.”

“அதே மாதிரி சாம்பாரத் தெளி.”

அக்கா பந்தியை விட்டுப் போனதை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. சொந்த மகளுக்குக் காது குத்திய அன்றுகூட மதியப் பந்திக்கு வந்துவிட்டார். பெண் வீட்டுக்காரர் ஒருவர் “ஏம்மா, எங்க போற, மாப்ள வீட்டுக்காரவுக ஒக்காந்துட்டாக!” என்று கத்திக்கொண்டே பின்னால் வந்தார். அக்கா ஸ்கூட்டியைக் கிளப்பினார். “ஏறுலே” என்றார். வழி காட்ட நான் வேண்டும். நத்தம் ரோட்டில் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. திட்டாத அக்காவோடு நான் வண்டியில் போனதில்லை.

முகேஷின் அம்மா வீட்டுக்கு முன்னால் சம்பங்கியைக் கூடையில் கொட்டிக்கொண்டிருந்தார். அப்பா முதல் கூடைகளோடு பூ மார்க்கெட்டுக்குப் போயிருந்தார்.

“முகேஷா? பின்னாடி கொட்டகையில இருக்கான். காலையிலயே எந்திரிச்சு வாசலக் கூட்டி, அவன் துணிமணியெல்லாம் மடிச்சு வச்சிட்டான். கொஞ்ச நாளாத் தங்கமான புள்ளையா ஆயிட்டான்” என்றார் அம்மா.

அதைக் கேட்டு அக்கா நின்ற மாதிரி வேறு யாரும் நின்று நான் பார்த்ததில்லை. பிறகு வேகமாகப் பின்னால் போனார்.

கொட்டகையில் முகேஷ் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

“என்னலே, லீவு சொல்ல மாட்டியா?” என்று அக்கா தொடங்கினார். வேறு எப்படித் தொடங்குவது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. கவிழ்த்து வைத்திருந்த பூக்கூடை மேல் உட்கார்ந்தார். கூடை உடைந்தது. எழுந்திருக்காமல் அதிலேயே இருந்தார்.

“ஒனக்கு என்னலே கொறச்சல்? தாய் தகப்பன் இருக்காக, வேல இருக்கு...”

முகேஷ் காலை இழுத்துக் கட்டிலுக்கு மேல் வைத்துக்கொண்டான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். அக்கா அதைப் பார்த்தார்.

“சரி, அத விடு. தப்பாக் கேட்டுட்டேன்” என்றார். பிறகு, ரசமா மோரா என்று கேட்கும் அதே குரலில் கேட்டார்:

“சாகணும்னு நெனப்பு இருக்கா அப்பு?”

இப்படியெல்லாம் கேட்டால் இல்லாத நினைப்பும் வந்துவிடும் என்று நினைத்தேன். அக்காவின் கையைப் பிடித்து இழுக்கலாமா என்று பார்த்தேன்.

“இருக்குக்கா” என்றான் முகேஷ்.

“எம்புட்டு நாளா?”

“ஆடியில இருந்து.”

“இன்னைக்கு ஏதும் முடிவு பண்ணி வச்சிருந்தியா?”

ஆமாம் என்று அவன் தலையை ஆட்டினான்.

அக்கா “அய்யோ” என்று சொல்லவில்லை. அழவில்லை. “சரி. சொன்னேல்ல, நல்லதாப் போச்சு. இன்னைக்கு நீ என் கூட இருக்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்” என்றார்.

“என்னால ஏலலக்கா.”

“தெரியுது. ஏலாட்டி சும்மா ஒக்காரு. வண்டிய நாந்தான ஓட்டப் போறேன்.”

அதற்குப் பிறகுதான் அவன் அழுதான். அக்கா உடைந்த கூடையிலிருந்தபடியே அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அழுது முடியும்வரை இருந்தார். ஃபோன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மண்டபத்திலிருந்துதான். எடுக்கவில்லை.

அம்மாவிடம் அக்காவே சொன்னார். மறைத்துச் சொல்லவில்லை. சண்முகவள்ளி அம்மா முதலில் நம்பவில்லை. பிறகு உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாக, “மனசு ஆஸ்பத்திரின்னா பைத்தியம்னு பேரு கட்டிருவாகளே. நாளைக்கு இவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?” என்றார்.

“ஒங்க மகன் கல்யாணத்துக்குப் பந்தி நாந்தான் பாப்பேன். அதுக்கு மாப்ள உசுரோட இருக்கணும்ல? ஏறுங்க” என்றார் அக்கா.

ஸ்கூட்டியில் அக்கா, நடுவில் முகேஷ், பின்னால் அவன் அம்மா. எனக்கு இடமில்லை. நான் பஸ்ஸில் போனேன்.

அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். எத்தனையோ தடவை அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கிறேன். பாஸிலா என்ற டாக்டர் முகேஷிடம் தனியாக நிறைய நேரம் பேசினார். பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டார்.

“சாப்பாடு குறைஞ்சிருந்ததா? தூக்கம்? பேச்சு? தான் வச்சிருந்த பொருளை யாருக்காவது குடுத்தாரா? கூப்பிட்டா காது கேக்காத மாதிரி இருந்தாரா?”

அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், “இதெல்லாம் எங்க வேலையில நல்ல பயலோட கொணம் டாக்டர். நான் இவனுக்குக் கை தட்டச் சொன்னேன்” என்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை. இது மனச்சோர்வு என்ற நோய் என்றார். சோம்பேறித்தனமும் இல்லை, திமிரும் இல்லை, காத்துக் கருப்பும் இல்லை, வைத்தியம் உண்டு என்றார். நேராகக் கேட்டது சரி, கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வராது, சொல்லக் காத்திருப்பவனுக்கு அது கதவைத் திறந்துவிடும் என்றார். ஏன் வந்தது என்று அம்மா கேட்டார். ஒரே காரணம் எப்போதும் இருக்காது என்றார். எனக்கும் அதுதான் குழப்பமாக இருந்தது. காதல் தோல்வி இல்லை. மார்க்கும் பரவாயில்லை. ஏதாவது ஒன்று இருந்திருந்தால் நாங்கள் முன்பே கண்டுபிடித்திருப்போம் என்று நினைத்தேன். காரணம் தேடிக்கொண்டிருந்தால் ஆளைப் பார்க்க மாட்டோம் என்பது இப்போது தோன்றுகிறது.

வார்டில் சில நாள் வைத்திருந்தார்கள். அப்பா சோலைமலை மார்க்கெட்டிலிருந்து நேராக வந்தார். மந்திரிக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். அக்கா சொன்னார்: “நீங்க திருநீறு போடுங்க. நான் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துறேன். மாத்திரையும் போடட்டும். மூணும் ஒண்ணுக்கொண்ணு சண்ட போடாது.” அவர் ஒத்துக்கொண்டார்.

அன்றைய கல்யாணத்தில் கௌசல்யா முதல் பந்தியில் வடையை மறந்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மண்டபத்தில் அக்காவைத் திரும்பக் கூப்பிட ரொம்ப நாளானது.

முகேஷ் உடனே சரியாகிவிடவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவன் ஆவேன். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வாரங்களில் அவனை வீட்டில் தனியாக விடவில்லை. நானும் கிளெமென்ட் மாமாவும்கூட முறை வைத்துப் போனோம். மாமாவுக்கு என்ன பேசுவது என்று தெரியாது. லோடு ஆட்டோவின் கிளட்ச் பிரச்சினையை முதலிலிருந்து சொல்வார். முகேஷ் கேட்டுக்கொண்டிருப்பான். மாமா போனதும் ஒருநாள், “இவரு கிளட்ச்சு சரியாகுறதுக்குள்ள நான் சரியாயிருவேன்டா” என்றான். ஆடிக்குப் பிறகு அவன் சொன்ன முதல் நக்கல் அது. நான் ஓடிப்போய் அக்காவுக்கு ஃபோனில் சொன்னேன். “ஆமா, அந்தாளு பேச்ச எவன் கேப்பான்” என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் ஃபோனை வைக்காமல் இருந்தார்.

நன்றாக இருக்கிறது என்று தோன்றியதும் ஒரு தடவை அவனே மாத்திரையை நிறுத்திவிட்டான். திரும்பவும் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தான். இந்தத் தடவை அவன் அம்மா முதலில் பார்த்தார். பூ எடுப்பதைப் பாதியில் விட்டு, யாரையும் கேட்காமல் அவரே டாக்டரிடம் கூட்டிப்போனார்.

அக்கா இப்போதும் வரிசையில் நிறுத்தி நகம் பார்க்கிறார், திட்டுகிறார். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் பயல்கள் சாப்பிடுவது கடைசியில். இப்போது முதல் இலை எங்களுக்கு. நாங்கள் சாப்பிடுவதை அக்கா எதிரில் நின்று பார்ப்பார். விருந்தாளிக்கு முன்னால் வேலைக்காரன் சாப்பிடுவதா என்று சமையல்காரர் சண்டை போட்டார். “திங்காதவன் எவன்னு நான் பாக்கணும்” என்றார் அக்கா. இரண்டு தடவை சாப்பிடாமல் இலையை மூடியவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார். பெரும்பாலும் பல்வலியாகத்தான் இருக்கும். அதற்கும் டாக்டரிடம் அனுப்புவார்.

மனசு தாங்காதபோது கூப்பிட என்று பாஸிலா டாக்டர் ஒரு ஃபோன் எண் கொடுத்தார். 14416. எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். அக்கா எங்கள் எல்லோர் ஃபோனிலும் அதை ஏற்றச் சொன்னார். சுருளிவேல், “சும்மா எடுக்குறாய்ங்களான்னு டெஸ்ட் பண்ணிப் பாக்குறேன்” என்று மண்டபத்துக்குப் பின்னால் போனான். அவன் திரும்பி வருவதற்குள் ஒரு பந்தி முடிந்துவிட்டது. என்ன பேசினாய் என்று யாரும் கேட்கவில்லை. அவன் பங்குச் சாம்பாரையும் அக்காவே பரிமாறியிருந்தார்.

முகேஷ் இந்த முகூர்த்தத்துக்கு வேலைக்கு வந்தான். தினமும் வருவதில்லை, முடிந்த நாளில் வருகிறான். சில காலைகளில் எழுந்திருப்பது இன்னமும் கஷ்டம் என்கிறான். அதையும் இப்போது சொல்லிவிடுகிறான். இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன்.

“எழுது. எம்பேரையே போடு.”

“ஊர்ல பேசுவாய்ங்களேடா.”

“பேசட்டும். பேர மாத்துனா யாரோ எவனோன்னு படிச்சிட்டுப் போயிருவாய்ங்க. நான் இங்கதான இருக்கேன்.”

அதனால் அவன் பெயரையே போட்டிருக்கிறேன். உங்கள் ஊரிலும் பந்திக்கும், பூ எடுக்கவும், மில்லுக்கும், கடைக்கும் இளவயசுப் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். சத்தம் போடாத, சாப்பாடு கேட்காத ஒரு நல்ல பையனைப் பற்றி, ஒரு நல்ல பெண்ணைப் பற்றி, அவர்கள் உங்களிடம் பெருமையாகச் சொல்லியிருப்பார்கள். இதைப் படித்து முடித்ததும் முதலில் அவர்களுக்கு அனுப்புங்கள். படிக்க நேரமில்லை என்றால், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே சொல்லுங்கள்.